பதம்

குடைப் படத்தைக் காட்டினேன்.
குணவதி உதட்டை ஒருமுறை நனைத்துக்கொண்டு
"கோங் சி இட் சிட்" என்றார்.
ஹொக்கியனில் சைபர், நாலு, ஒன்று, ஏழு.
தாளில் பூஜ்யம் போட்டேன்.

ஆமைக்கு நாலு எண். ஏணிக்கு வேறு நாலு.
கத்தரிக்கோலைப் பார்த்ததும்
முகமெல்லாம் மலர்ந்து நாலு எண்.
முப்பது படம், முப்பது பூஜ்யம்.
'பொருளற்ற ஒலிகள்' என்று அடியில் குறித்துவிட்டு
ஆஸ்பத்திரி கேன்டீனில் மீ கோரெங் சாப்பிடப் போனேன்.

பக்கவாதம் வந்து நாற்பத்தொரு நாள்.
ஸ்கேனில் இடப்பக்கம்
கோழிமுட்டை அளவு இருட்டு.
தமிழ் போயிருந்தது, மலாயும்.
"அடச்சீ" மட்டும்
கீறல் விழாமல் மீந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுவந்த
ஊய் சியூ லான்தான் சிரித்தார்.
"சரியாகத்தானே சொல்கிறார்? குடை அதுதான்."
கனவில் ஆமை வந்தால் எந்த நம்பர் எடுப்பது,
ஏணியில் ஏறினால் எது, விழுந்தால் எது,
எல்லாவற்றுக்கும் எண் போட்ட புத்தகம்.
ஜெலுத்தோங் நம்பர் கடையில்
கம்பிக்குப் பின்னால் பத்தொன்பது வருடம்
அதைப் புரட்டாமலே சொன்னவர் குணவதி.

மறுநாள் புத்தகம் வாங்கினேன்.
முப்பதில் இருபத்தாறு சரி.
மகன் புகைப்படத்துக்கு அவர் சொன்ன எண்
புத்தகத்தில் இல்லை.
அவன் மோட்டார்சைக்கிளில் இருந்தது.

கட்டுரை எழுதி அனுப்பினேன்.
மூன்று மாதம் கழித்து ஒருவரிப் பதில்:
'ஒரே ஒரு நோயாளி.
இதிலிருந்து பொதுவாக என்ன சொல்ல முடியும்?'

நியாயமான கேள்வி.
அன்று ராத்திரி பட்டர்வொர்த் ஃபெர்ரியில் நின்றபடி
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
பதில் எழுதலாமா என்று யோசித்தேன்.
ஆனால் அந்தச் சோற்றுக்கு ஒரே பானை, ஒரே உலை, ஒரே தீ.
மனிதர்கள் அப்படி வேகவில்லை.
(பதம் என்றால் சொல்லும்தான்.
அது அவரிடம் இல்லை.)

'எல்லாருக்கும்' என்று எழுதி அடித்தேன்.
'பலருக்கு' என்று எழுதி
கரை வருவதற்குள் அதையும் அடித்தேன்.
'சிலருக்கு.'
அந்தச் சிலரை நான் இன்னும் பார்த்ததில்லை.

பெயர் போனால் பொருளும் போயிற்று என்று
மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அந்த வாக்கியம் உடைய ஒருவர் போதும்.
உடைந்த இடத்தில் எதைக் கட்டுவது என்பதற்கு
ஒருவர் போதாது.

அவருடைய எண்கள் அவருக்கு மட்டும்.
ஹொக்கியனும் கம்பி போட்ட கவுண்டரும் அவருக்கு மட்டும்.
என் பூஜ்யம்தான் எல்லாருக்கும் ஒன்று.
அலமாரியில் ஆறு வருடத் தாள்கள் இருக்கின்றன.
எத்தனை பேருக்கு எந்தப் புத்தகம் இருந்ததென்று
யாரைக் கேட்பது?
பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
சிலர் வீட்டுக்கும் போகவில்லை.

பதினோராம் கட்டிலில் இப்போது
நிபோங் திபாலில் செம்பனை லாரி ஓட்டியவர்.
அதே குடைப் படம்.
வாயைத் திறக்கவில்லை.
இடக்கையை மட்டும் மேசைமேல் நிமிர்த்தி
இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்.
வேண்டாம் என்கிறாரா,
மழையில் வைப்பர் ஓடுகிறதா,
தெரியவில்லை.
கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று குணவதி
என்னைச் சுட்டி நாலு எண் சொன்னார்.
அட்டை முதல் அட்டை வரை தேடினேன்,
புத்தகத்தில் இல்லை.
என் கார் நம்பரும் அதுவல்ல.
சனிக்கிழமை இரண்டு ரிங்கிட்டுக்கு எடுத்துப் பார்த்தேன்.
விழவில்லை.

அடுத்த முறை வந்தபோது சீட்டைக் காட்டினேன்.
உற்றுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அடச்சீ" என்றார்
தெளிவாக.